கேள்வி – பதில்: கையேட்டில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரலாமா?

கேள்வி: இயந்திரப் பராமரிப்புக் கையேடுகள் எழுதுகிறேன். ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் நடை சலிப்பூட்டும் என்று பள்ளியில் கற்றபடி, 'வால்வு' என்று ஒரு முறை எழுதினால் அடுத்த முறை 'அடைப்பான்' என்றும், பிறகு 'கட்டுப்பாட்டுக் கருவி' என்றும் மாற்றி எழுதுகிறேன். இவை மூன்றும் வெவ்வேறு பாகங்களா என்று படிப்பவர்கள் கேட்கிறார்கள். நான் செய்வது தவறா?

பதில்: தவறுதான். கையேட்டைத் திறப்பவர் நடையைச் சுவைப்பதற்காக அதைத் திறப்பதில்லை. ஒரு கையில் ஸ்பேனரைப் பிடித்தபடி, பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல் மாறினால் பாகமும் மாறிவிட்டது என்றே அவர் எடுத்துக்கொள்வார், அதில் அவர் மீது குறைசொல்ல இடமில்லை. நன்னூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது, 'கூறியது கூறல்', 'மயங்க வைத்தல்' ஆகிய இரண்டையும் தனித்தனியாக எண்ணுகிறது. நீங்கள் முதலாவதற்கு அஞ்சி இரண்டாவதில் விழுந்திருக்கிறீர்கள். சொன்ன கருத்தையே மறுபடி சொல்வதுதான் கூறியது கூறல். ஒரு பாகத்தை அதன் பெயராலேயே பத்து முறை அழைப்பது அந்தக் குற்றத்தில் சேராது.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980களில் உருவான 'எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம்' என்னும் விதித்தொகுப்பும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பதையே அடிப்படையாகக் கொண்டது. செய்முறை வாக்கியம் 20 சொற்களையும், விளக்க வாக்கியம் 25 சொற்களையும் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், 20 என்பதே தாராளம். செய்முறை வாக்கியம் 12 சொற்களைத் தாண்டினால் நான் அதை இரண்டாக்கிப் பார்ப்பேன்.

சொற்களைச் சீர்செய்யும்போது வரிசையையும் பாருங்கள். "குழாயைக் கழற்றவும். அதற்கு முன் வால்வை மூடியிருக்க வேண்டும்" என்று எழுதினால், இரண்டாவது வாக்கியம் கண்ணில் படும்போது தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருக்கும். "வால்வை மூடிய பின் குழாயைக் கழற்றவும்" என்பது தமிழின் இயல்பான தொடரமைப்பு. முதலில் செய்ய வேண்டியதை அது முதலிலேயே சொல்லிவிடுகிறது.

கேள்வி: எங்கள் மென்பொருள் ஆவணத்தில் "சேவையகத்தை மறுதொடக்கம் செய்யலாம்" என்று ஒரு வரி இருக்கிறது. சிலர் கட்டாயம் என்று நினைத்துச் செய்கிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: இந்த 'லாம்' பொல்லாத விகுதி. "நிறுத்தலாம்" என்றால் அனுமதி, "நின்றுவிடலாம்" என்றால் நடக்கக்கூடியது, "நாளை பார்க்கலாம்" என்றால் ஒரு யோசனை. பேச்சில் குரலும் சூழலும் வேறுபாட்டைக் காட்டிவிடும். தாளில் அந்தத் துணை இல்லை. இணைய நெறிமுறைகளை வகுப்போருக்கும் இதே தொல்லை இருந்தது. 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2119 என்னும் சிறு ஆவணம், கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகிய மூன்றுக்கும் உரிய சொற்களை வரையறுத்துக் கொடுத்தது. நீங்களும் ஆவணத்தின் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ளுங்கள்: கட்டாயத்துக்கு 'வேண்டும்', தடைக்குக் 'கூடாது', விருப்பத்துக்கு 'விரும்பினால்' என்ற சொல்லோடு சேர்ந்த 'லாம்'. நடக்கக்கூடியதற்கு 'வாய்ப்பு உண்டு' என்றே எழுதிவிடலாம்.

அத்துடன், "சோதிக்கப்பட வேண்டும்" போன்ற செயப்பாட்டுவினைகளைத் தேடிப் பிடித்து, யார் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். எழுதியவருக்கே விடை தெரியாத இடங்கள் சில அகப்படும். என் ஆவணங்களிலும் அகப்பட்டிருக்கின்றன.

கேள்வி: அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு எழுத வேண்டுமா? முன்னுரையில் ஒரு முறை சொன்னால் போதாதா?

பதில்: போதாது, நெடுவரிசையின் தலைப்பிலாவது எழுதுங்கள். 1999இல் செவ்வாயை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் அங்கேயே தொலைந்தது. காரணம், நியூட்டன்-நொடி என்னும் மெட்ரிக் அலகில் தர வேண்டிய உந்துவிசை மதிப்புகளைத் தரைநிலைய மென்பொருள் ஒன்று பவுண்டு-நொடியில் தந்திருந்தது. வேறுபாடு ஏறத்தாழ 4.45 மடங்கு. எந்த அலகு வேண்டும் என்பது விவரக்குறிப்பு ஆவணத்தில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. தேதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: 03/04 என்பது சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. ஐ.எஸ்.ஓ. 8601 தரப்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்.