வாசகர் கேள்விகள்: கௌபாயும் கிரிமினலும்

கேள்வி: அமெரிக்க க்ரைம் நாவல்கள், கௌபாய் கதைகள் இரண்டையும் விழுந்து விழுந்து படிக்கிறேன். நண்பர்கள் 'டைம்பாஸ்' என்று ஒதுக்குகிறார்கள். இவற்றில் இலக்கியம் உண்டா?
– வாசகர், கரூர்

உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் சரியான வழி, ஏனென்றால் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டாஷியல் ஹாம்மெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலை எடுங்கள். 1927-28இல் 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு இதழில் தொடராக வந்து, 1929இல் புத்தகமானது. ரவுடிக் கும்பல்கள் பங்கு போட்டுக்கொண்ட ஒரு சுரங்க ஊருக்கு வெளியூர் துப்பறிவாளன் ஒருவன் வருகிறான், ஒரு கும்பலை இன்னொன்றோடு மோதவிடுகிறான், ஊரே ரத்தக்களறி ஆகிறது. குதிரை இருந்த இடத்தில் கார் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்! ஹாம்மெட் பிங்கர்ட்டன் நிறுவனத்தில் நிஜமாகவே துப்பறியும் வேலை பார்த்தவர், அதனால்தான் அந்த எழுத்தில் ஜோடனையே கிடையாது.

கௌபாய் கதைகளில் தொடங்கிய எல்மோர் லெனார்ட் வந்த பாதை வேறு. டெட்ராய்ட்டில் விளம்பர நிறுவன வேலை. காலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்து கதை எழுதிவிட்டுத்தான் ஆபீஸ் போவார். அரிசோனா நிலத்தை வர்ணிக்க 'அரிசோனா ஹைவேஸ்' என்ற பத்திரிகையைப் பார்த்துக்கொள்வார். 1953இல் 'டைம் வெஸ்டர்ன்' இதழில் வந்த 'த்ரீ-டென் டு யூமா' கதைக்கு வார்த்தைக்கு இரண்டு சென்ட் வீதம் 90 டாலர் கிடைத்தது. காவல் அதிகாரியான ஒரு டெபுடி, கையில் விலங்கோடு ஒரு கொள்ளைக்காரன், ஒரு ஓட்டல் அறை, வெளியே காத்திருக்கும் கூட்டாளிகள், அவனைச் சிறைக்குக் கொண்டுபோகும் ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது – இவ்வளவுதான் கதை. இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நமக்கோ உள்ளங்கை வியர்க்கிறது. வார்த்தைக்குக் காசு வாங்குகிற மனிதர் ஒரு வார்த்தைகூட வளர்த்தவில்லை, அதைத்தான் நான் இலக்கியம் என்கிறேன். அப்புறம் ஐம்பதுகளின் கடைசியில் டிவி முழுக்க கௌபாய் தொடர்கள் ஓட ஆரம்பித்து, அந்தக் கதைகளை வாங்கும் இதழ்கள் வற்றிப்போனதும் அவர் க்ரைமுக்கு மாறினார். களம் டெட்ராய்ட்டுக்கும் மயாமிக்கும் போனது, ஆனால் சுடுவதற்கு முன்னால் நிதானமாகப் பேசும் அந்த ஆட்கள் மாறவே இல்லை.

கேள்வி: பழைய வெஸ்டர்ன்களில், அதாவது கௌபாய் கதைகளில், செவ்விந்தியர்களை வில்லன்களாகவே காட்டுகிறார்களே, அதை எப்படி ரசிப்பது?
– வாசகி, மதுரை

ரசிக்க வேண்டியதில்லை. பெயர்கூட இல்லாத கூட்டமாக வந்து சுடுபட்டுச் சாவதற்கு மட்டுமே பூர்வகுடிகளைப் பயன்படுத்தும் கதைகள் ஏராளம், அவை சோம்பேறித்தனமான எழுத்தும்கூட, தயங்காமல் மூடி வையுங்கள். லெனார்டின் 'ஓம்ப்ரே' (1961) படியுங்கள். அப்பாச்சி என்ற பூர்வகுடி மக்களிடம் வளர்ந்தவன் என்பதால் கோச்சு வண்டிக்குள் தங்களோடு உட்காரவே கூடாது என்று ஒருவனை ஒதுக்கும் பயணிகள், கொள்ளையர் மறித்த பிறகு அவனையே நம்பிப் பின்னால் நடக்கிறார்கள். சின்ன நாவல், ரொம்ப நாள் மனசை அறுக்கும்.

கேள்வி: இந்த மாதிரி புத்தகங்களை இப்போது யார் போடுகிறார்கள்?
– வாசகர், திருச்சி

பெரும்பாலும் சின்னப் பதிப்பகங்கள்தான். 2004இல் சார்லஸ் ஆர்டாயும் மேக்ஸ் பிலிப்ஸும் தொடங்கிய 'ஹார்ட் கேஸ் க்ரைம்' எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐம்பதுகளின் பாணியில் கையால் வரைந்த அட்டை, கைக்கு அடக்கமான நாவல்கள். மறந்துபோன பழையதும் போடுகிறார்கள், புத்தம் புதிதும் போடுகிறார்கள். ஸ்டீபன் கிங்கே 2005இல் இவர்களுக்கு ஒரு நாவல் கொடுத்தார். க்ரைம் எழுத்தாளர் ஜேம்ஸ் எம். கெய்ன் 1977இல் இறந்தபோது அச்சேறாமல் விட்டுப்போன 'தி காக்டெயில் வெயிட்ரஸ்' நாவலை ஆர்டாய் விடாமல் தேடிக் கண்டுபிடித்து 2012இல் கொண்டுவந்தார். விற்குமா என்று கணக்குப் பார்க்கும் பெரிய கம்பெனி இந்த மெனக்கெடலைச் செய்யாது. அந்தக் கால சாணித்தாள் இதழ்களின் ஸ்கேன்களும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் நிறைய கிடைக்கின்றன. நாவலுக்குப் போகும் முன் அதில் நாலைந்து சிறுகதை படித்துப் பாருங்கள், எந்த எழுத்தாளர் உங்களுக்கு ஒத்துவருவார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தமிழில் படிக்க ஏதாவது?
– வாசகி, தூத்துக்குடி

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லர் கதைகள். 1948இல் இத்தாலியில் பிறந்த ஹீரோ, நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தலைவரும் அவர்தான். நம் ரசிகர்கள் 'இரவுக் கழுகார்' என்றுதான் சொல்வார்கள். குண்டு புத்தகமாக வந்தால் விடாதீர்கள்.