சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை, கீழ்வீட்டில் மட்டும் அதிர்கிறது. பெங்களூரு ஃபிளாட்டில் சப்வூஃபரை எங்கே வைப்பது?

14 அடிக்கு 11 அடி அறை, டிவி பக்கத்து மூலையில் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் என்ற தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர்), அறை நடுவில் சோபா என்று எழுதியிருக்கிறீர்கள். வால்யூமை ஏற்றினால் கீழ்வீட்டார் மேலேறி வருகிறார். குமிழைத் தொடுவதற்கு முன்னால் சோபாவை நகர்த்துங்கள்.

14 அடி என்பது 4.27 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் வருவது 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வு. அந்த ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே மோதித் திரும்பி, சுவரோரம் பெருத்து, நட்டநடுவில் ஏறக்குறைய அழிந்துபோகும். உங்கள் காது இருப்பது அங்கேதான். எவ்வளவு ஏற்றினாலும் அந்தக் குழி நிரம்பாது. ஒலி கூடும்போது அதை அழிக்கும் எதிரொலியும் சேர்ந்தே கூடும். சுவரோரம் பெருத்த ஒலி மட்டும் தளம் வழியாகக் கீழே இறங்கும். காது பின்சுவரிலிருந்து நாலரை, ஐந்து அடியில் இருக்கும்படி சோபாவைப் பின்னால் தள்ளுங்கள். சுவரோடு ஒட்டிவிடாதீர்கள், அங்கே பேஸ் கொழகொழவென்று ஆகிவிடும்.

அடுத்தது சப்வூஃபரின் இடம். இரண்டு பேராகத் தூக்கி அதைச் சோபா மேல், காது இருக்கும் இடத்தில் வையுங்கள். 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் டெஸ்ட் டோனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, முன்சுவரோரமும் பக்கச் சுவரோரமும் மண்டியிட்டு நகர்ந்து கேளுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் சப்வூஃபரை வைக்க வேண்டிய இடம். மிகச் சத்தமாகக் கேட்கிற இடத்தில் ஏமாறாதீர்கள். அது பெரும்பாலும் மூலையாக இருக்கும், அறையின் எல்லா முழக்கத்தையும் மூலைதான் கிளப்பும். யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ என்ற ஒலி அளக்கும் மென்பொருளும் இருந்தால் இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம். ஃபோன் மைக்கை நம்ப வேண்டாம், தாழ்ந்த ஒலியில் அதன் அளவு தப்பாகவே வரும்.

இடம் முடிவானதும் ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) ஆட்டோ கேலிப்ரேஷன், அதாவது மைக்கால் அளந்து ஸ்பீக்கர்களைத் தானே சரிசெய்யும் வேலை. சப்வூஃபரின் பின்னால் உள்ள லோபாஸ் குமிழை (உயர்ந்த ஒலியை வெட்டுவது) உச்சத்துக்கு, அல்லது அந்த வெட்டு இல்லாத எல்எஃப்ஈ நிலைக்கு மாற்றுங்கள். ஃபேஸ் (ஒலி அலையின் கட்டம்) 0, கெயின் (சப்வூஃபரின் சொந்த வால்யூம்) பாதி. ஏசி, சீலிங் ஃபேன் இரண்டையும் அணையுங்கள். ரிங் ரோடு லாரிகளின் உறுமல் அளவைக் கெடுக்கும் என்பதால் ஞாயிறு காலை நல்ல நேரம். மைக்கைச் சோபா முதுகில் சாய்க்காமல் ட்ரைபாடில் காது உயரத்தில் நிறுத்துங்கள். முடிந்ததும் சப்வூஃபர் லெவலைப் பாருங்கள். மைனஸ் 12 மாதிரி கீழ் எல்லையைத் தொட்டிருந்தால் கெயின் அதிகம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மைனஸ் 3-க்கும் மைனஸ் 8-க்கும் நடுவே வந்தால் போதும்.

ரிசீவர் எல்லா ஸ்பீக்கரையும் 'லார்ஜ்' (பேஸையும் அவையே எழுப்பும் என்று பொருள்) என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது பேஸ் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபர் தூரம் 10 அடிக்குப் பதில் 15 அடி என்று காட்டினால் டேப்பால் அளந்து திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் இருக்கும் டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிட்டு மாற்றும் சிப்) ஒலியைத் தாமதப்படுத்துகிறது, ரிசீவர் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி குறைந்து பள்ளம் தெரிந்தால், அந்தத் தூரத்தை ஒவ்வொரு அடியாகக் கூட்டியும் குறைத்தும் பள்ளம் நிரம்பும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஈக்யூவில் (ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) முகடுகளை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்கக் கூடாது. 10 டெசிபல் ஏற்ற ஆம்ப்ளிஃபயருக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். உங்கள் 40 ஹெர்ட்ஸ் முகட்டில் 6 டெசிபல் வெட்டினால் கீழ்வீட்டுக்கும் அதே 6 டெசிபல் குறையும். அடியில் வைக்கும் ரப்பர் பேட், டைல்ஸ் கடகடப்பதை நிறுத்தும். காற்றின் வழியே தளத்தை அசைக்கும் பேஸை அதனால் தடுக்க முடியாது. அதனால் விலையுயர்ந்த பேடுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

அந்தக் காசைச் சேர்த்து வைத்து, பின்னால் அதே மாடலில் இன்னொரு சப்வூஃபர் வாங்குங்கள். ஒன்று முன்சுவரின் நடுவில், மற்றது பின்சுவரின் நடுவில். இரண்டும் ஒரே லெவலில் ஓடினால் அந்த 40 ஹெர்ட்ஸ் முழக்கத்தை ஒன்றையொன்று அடக்கிவிடும்.