சட்டம் மனிதரை நல்லவராக்கும் என்ற அக்குவினாஸ், எல்லாத் தீமையையும் ஏன் தடைசெய்யச் சொல்லவில்லை?

இடைக்காலக் கிறிஸ்தவ இறையியலாளரும் மெய்யியலாளருமான தாமஸ் அக்குவினாஸ் (இறப்பு 1274) ‘இறையியல் சுருக்கம்’ நூலின் இரண்டாம் பாகத்து முற்பகுதியில், 90 முதல் 97 வரையான ‘வினா’க்களில் (அந்நூலின் அத்தியாயங்கள் இப்படித்தான் அழைக்கப்படுகின்றன) இதைப் பேசுகிறார். அவர் தரும் இலக்கணப்படி, சட்டம் என்பது பொதுநன்மைக்காக, சமூகத்தின் பொறுப்பில் இருப்பவர் அறிவித்த, அறிவின் கட்டளை. இதில் ஒன்று குறைந்தாலும் அது முழுமையான சட்டமாகாது.

உங்கள் கேள்விக்கு விடை 96ஆம் வினாவில். சட்டம் பெருந்திரளுக்கானது, அவர்களில் பெரும்பாலோர் நற்பண்பில் முதிராதவர்கள். ஆகவே கொலை, திருட்டு போலப் பிறருக்குக் கேடு செய்து சமூக வாழ்வையே குலைப்பவற்றை முதலில் தடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுத்தால், தாங்கமாட்டாதவர்கள் சட்டத்தையே வெறுத்து இன்னும் பெரிய தீமையில் விழுவார்கள். “மூக்கைப் பிசைதல் இரத்தத்தைப் பிறப்பிக்கும்” என்ற விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் வசனத்தை இங்கே காட்டுகிறார். நற்பண்பு படிப்படியாக, பழக்கத்தால் வருவது.

இதை வெறும் சகிப்பு என்று படிப்பவர்கள் அடுத்த பிரிவைத் தவறவிடுகிறார்கள். எந்த நற்பண்பின் செயலையும் சட்டம் கட்டளையிடலாம், அது பொதுநன்மைக்கு உதவுமானால். வீரம் தனிமனிதருடையதுதான்; நகரைக் காக்கும்போது அது எல்லோருக்கும் உரியது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அவருடைய முற்றுகை உதாரணம். முற்றுகைக் காலத்தில் நகரவாயிலை மூடிவைக்கச் சட்டம் சொல்கிறது. எதிரி துரத்த, நகரைக் காக்கும் வீரர்களே வாயிலுக்கு ஓடிவந்தால்? திறக்க வேண்டும் என்கிறார், சட்டத்தின் எழுத்துக்கு மாறாகவே. ஆனால் ஆபத்து உடனடியானதாக இல்லையென்றால், ஆட்சியாளரிடம் கேட்காமல் தானே விதிவிலக்கு செய்ய எவருக்கும் உரிமையில்லை.