பெட்ரோல் பிரேக்ல போகுது: வாசகர் கேள்வி பதில்

மைலேஜ் பத்தி வந்த கடிதங்கள் நிறைய சேர்ந்துடுச்சு, அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். ஒரே மாதிரி கேட்டிருந்ததை எல்லாம் சேர்த்து ஒரே கேள்வியா போட்டிருக்கேன்.

கேள்வி: சார், எங்க வீட்டுல ஒரே கார்தான், நானும் அண்ணனும் மாத்தி மாத்தி ஓட்டுறோம். அவர் ஓட்டுனா லிட்டருக்கு 18 வருது, நான் ஓட்டுனா 14-ஐ தாண்ட மாட்டேங்குது. இத்தனைக்கும் நான் வேகமா போறவளே இல்ல, ரூட்டும் ஒண்ணுதான். எங்கதான் போகுது அந்த பெட்ரோல்?

பதில்: பிரேக்ல போகுதும்மா. நிறைய பேர் ஆக்ஸிலேட்டரை மட்டும்தான் சந்தேகப்படுறாங்க, பிரேக்கை யாரும் கணக்குலயே எடுக்கறது இல்ல. ஒரு கணக்கு போட்டு பாருங்க. 1000 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்துல போகும்போது அதுக்குள்ள இருக்கற இயக்க ஆற்றல் சுமார் 139 கிலோ ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகா ஜூல் (அதாவது 32,000 கிலோ ஜூல்) கிட்ட இருக்கு, ஆனா அதுல கால்வாசிதான் சக்கரத்துக்கு வருதுன்னு வச்சுக்கிட்டா, அந்த 60 வேகத்தை எட்டறதுக்கே 17 மில்லி பெட்ரோல் எரிஞ்சிருக்கு. 14 மைலேஜ் குடுக்கற கார் அந்த 17 மில்லில 240 மீட்டர் கிட்ட ஓடும். ஒரு தடவை 60ல இருந்து பிரேக் அடிச்சு நின்னீங்கன்னா அந்த 240 மீட்டர் பெட்ரோலும் பிரேக் டிஸ்க்ல சூடா மாறி காத்தோட போயிடுது. டவுனுக்குள்ள ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படி நிக்கறோம்னு யோசிச்சு பாருங்க.

உங்க அண்ணன் வண்டில பக்கத்து சீட்டுல உக்காந்து அவர் காலை ஒரு தடவை கவனிங்க. தூரத்துல சிக்னல் சிவப்பா இருந்தா, இல்ல ரெண்டு வண்டி தள்ளி பிரேக் லைட் எரிஞ்சா, அவர் அப்பவே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுவாரு, கியர்லயே விட்டுட்டு வண்டியை உருள விடுவாரு. 60ல வந்த வண்டி சிக்னல் கிட்ட வரும்போது 30க்கு இறங்கியிருக்கும், பல நேரம் அதுக்குள்ள பச்சை விழுந்துடும், கியரை ஒண்ணு குறைச்சுட்டு அப்படியே போயிடலாம். 30ல மிஞ்சியிருக்கறது 60ல இருந்ததுல கால்வாசி ஆற்றல்தான், ஆனா அந்த கால்வாசியை மறுபடி பெட்ரோல் எரிச்சு சம்பாதிக்க வேண்டாமே. நீங்க என்ன பண்றீங்கன்னா (இது என் ஊகம்தான், ஆனா கிட்டத்தட்ட எல்லாரும் பண்றது இது) சிக்னல் வரைக்கும் மிதிச்சுட்டு போய் கடைசில பிரேக் அடிக்கறீங்க. வேகமா போறவங்க மட்டும்தான் பெட்ரோலை வீணாக்குறாங்கன்னு இல்ல, முன்னாடி பார்க்காம போறவங்களும்தான்.

கேள்வி: இறக்கத்துல நியூட்ரல்ல போட்டு, முடிஞ்சா இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு இறங்கறேன். நல்லா மிச்சம் பிடிக்கலாம்னு ஃப்ரெண்டு சொன்னான். சரிதானே?

பதில்: தயவு செஞ்சு இன்னைக்கே நிறுத்துங்க. இன்ஜின் ஆஃப் ஆச்சுன்னா பிரேக் பூஸ்டர்ல (நம்ம கால் அழுத்தத்தை பெருக்கிக் குடுக்கற பாகம்) மிச்சம் இருக்கற வேக்குவம் ரெண்டு மூணு தடவை அமுக்கறதுக்குத்தான் வரும், அதுக்கப்புறம் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டியரிங்கும் போயிடும், சாவியை கூடுதலா திருப்பிட்டீங்கன்னா ஸ்டியரிங் லாக்கே விழுந்துடலாம். இறக்கத்துல இது உயிரோட விளையாடறது, நீங்க மட்டும் இல்ல எதிர்ல வர்றவங்களும் சேர்ந்து.

சரி, ஆஃப் பண்ணாம நியூட்ரல் மட்டும் போட்டா மிச்சமான்னு கேட்டா, இறக்கத்துல அதுவும் இல்ல. இப்ப வர்ற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்கள்ல (இன்ஜெக்டர்ங்கற பாகம் பெட்ரோலை அளந்து பீச்சற கார்கள்) கியர்ல இருக்கும்போது காலை முழுசா எடுத்தீங்கன்னா, இன்ஜின் சூடாகி இருந்து சுத்தும் வேகமும் ஐடிலுக்கு (மிதிக்காம சும்மா ஓடற வேகம்) மேல இருக்கற வரைக்கும், இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்தியே விடும். சக்கரம்தான் இன்ஜினை சுத்த வைக்குது. டிஸ்பிளேல உடனடி மைலேஜ் காட்டற வண்டியா இருந்தா நம்பர் சட்டுனு உச்சிக்கு ஓடும், அதுதான் சாட்சி. நியூட்ரல் போட்டா இன்ஜின் அணையாம இருக்க ஐடில்ல பெட்ரோல் எரிஞ்சே ஆகணும். அதாவது இறக்கத்துல கியர்ல இறங்கறதுதான் சிக்கனம், இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்கும், பிரேக்கும் சூடாகாது. இன்ஜெக்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டில இப்படி பெட்ரோலை நிறுத்தற வசதி பொதுவா கிடையாது, ஆனா பாதுகாப்பு கணக்கு அதுக்கும் இதேதான்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை ரொம்ப ரொம்ப மெதுவா மிதிச்சு, ஆமை மாதிரி வேகம் ஏத்தறேன். பின்னாடி இருக்கறவங்க ஹாரன் அடிக்கறாங்க, மைலேஜும் பெருசா ஏறலையே?

பதில்: அந்த அளவுக்கு மெதுவா ஏத்தறது தேவையே இல்லைங்க. பெட்ரோல் இன்ஜின் சும்மா லேசா மிதிக்கும்போது ரொம்ப திறமையா வேலை செய்யறது இல்ல, ஏன்னா த்ராட்டில் (இன்ஜினுக்குள்ள காத்தை விடற கதவு) பாதிக்கும் மேல மூடி இருக்கும், அந்த இடுக்கு வழியா காத்தை உறிஞ்சவே இன்ஜின் ஒரு பங்கு சக்தியை செலவு பண்ணுது. குறைஞ்ச ஆர்பிஎம்ல (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து), கொஞ்சம் தாராளமா மிதிச்சு, சீக்கிரம் சீக்கிரம் கியர் மாத்தி டாப் கியருக்கு வந்துடறதுதான் நல்ல வழி. இன்ஜின் திணறி வண்டி உதறுதுன்னா கியர் அதிகமா போயிட்டீங்கன்னு அர்த்தம், ஒண்ணு குறைங்க. அடிச்சு விரட்டச் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க, அதுக்கும் இதுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்கு. அப்புறம் ஹாரன் விஷயம். உங்க மைலேஜ் சவால் உங்களுக்கும் உங்க வண்டிக்கும் நடுவுல இருக்கற விஷயம், பின்னாடி வர்றவர் ஏன் அதுக்காக காத்திருக்கணும்? இடது பக்கம் ஒதுங்க முடியற ஊர்ல இடது, வலது ஒதுங்க வேண்டிய நாட்டுல வலது, விட்டுடுங்க, அவர் போகட்டும்.

கேள்வி: ஹைவேஸ்ல எந்த வேகத்துல போனா மைலேஜ் அதிகம்?

பதில்: ஒரே நம்பர் எல்லா வண்டிக்கும் பொருந்தாது, ஆனா டாப் கியர்ல இன்ஜின் திணறாம ஓடற குறைஞ்ச வேகத்துக்கு பக்கத்துலதான் அது இருக்கும். அதுக்கு மேல போகப் போக காத்துதான் எதிரி. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருந்து 100க்கு போனா ஒண்ணரை மடங்குக்கும் மேல. டயர் உராய்வு அப்படி ஏறாது, அதனால மொத்த செலவு அந்த அளவுக்கு கூடாது, ஆனாலும் டேங்க் காலியாகும்போது தெரியும். 100 கி.மீ. தூரத்துக்கு 100ல போனா ஒரு மணி நேரம், 80ல போனா ஒண்ணேகால் மணி, அந்த 15 நிமிஷம் உங்களுக்கு முக்கியமா இல்லையான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ரூஃப்ல கேரியர் சும்மா மாட்டி வச்சிருந்தா கழட்டிடுங்க, காலியா இருந்தாலும் அது காத்தை பிடிக்கும். லாரி பின்னாடி ஒட்டிக்கிட்டு போனா காத்து குறையும்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். குறையும்தான், ஆனா லாரிக்காரர் பிரேக் அடிச்சா உங்களுக்கு நிக்க இடம் இருக்காது. வேண்டவே வேண்டாம்.

கேள்வி: ஏசியா, ஜன்னலா?

பதில்: டவுன்ல மெதுவா போகும்போது ஜன்னல், ஹைவேஸ்ல ஜன்னலை ஏத்திட்டு ஏசி. வெயில்ல நின்ன வண்டியா இருந்தா முதல்ல ஜன்னலை திறந்து சூடு வெளிய போனதும் ஏசி போடுங்க.

கேள்வி: உலகத்துலயே அதிகமா எவ்வளவு மைலேஜ் எடுத்திருக்காங்க?

பதில்: நம்ம ஓட்டற கார்ல இல்ல, இதுக்குன்னே செஞ்ச வண்டில. சுவிட்சர்லாந்து ஈடிஎச் ஜூரிச் பல்கலைக்கழகத்தோட பேக்-கார் 2 வண்டி 2005ல ஹைட்ரஜன் ஃப்யூயல் செல்லுல ஓடி, பெட்ரோல் கணக்குல மாத்தினா லிட்டருக்கு 5,385 கி.மீ. எடுத்து அப்ப உலக சாதனை பண்ணுச்சு, அதுக்கப்புறம் அதையும் தாண்டிட்டாங்க. எடை குறைவு, காத்தை கிழிக்கற வடிவம், டயர் உராய்வு குறைவு, அவ்வளவுதான் ரகசியம். நம்ம கையில இருக்கறது அந்த மூணுல கொஞ்சம்: டிக்கில சும்மா கிடக்கற சாமானை இறக்கலாம், டயர்ல காத்தை கம்பெனி சொன்ன அளவுக்கு, வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது பார்த்து வைக்கலாம். அதுக்கு மேல அடைக்காதீங்க, தரையை பிடிக்கற பரப்பு குறைஞ்சு பிரேக் பிடி போயிடும்.

கேள்வி: டிஸ்பிளேல காட்டறதை நம்பலாமா? எவ்வளவு ஏறினா நல்லா ஏறியிருக்குன்னு சொல்லலாம்?

பதில்: டிஸ்பிளேவை நேத்துக்கும் இன்னைக்கும் ஒப்பிட வச்சுக்கோங்க, நிஜ கணக்குக்கு டேங்க் டு டேங்க்தான். ஃபுல் டேங்க் போட்டு, பம்ப் தானா நிக்கற முதல் கட் ஆஃப்ல நிறுத்துங்க, ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க, பாதிக்கு மேல காலி ஆனதும் அதே பங்க்ல அதே மாதிரி நிரப்புங்க, ஓடின தூரத்தை போட்ட லிட்டரால வகுங்க. ஒரு தடவை வர்ற நம்பரை வச்சு சந்தோஷமும் படாதீங்க வருத்தமும் படாதீங்க, மழை, எதிர்காத்து, குட்டி குட்டி தூரம்னு எல்லாமே அதை ஆட்டும். முக்கியமா இன்ஜின் சூடாகறதுக்குள்ள முடியற பயணம்னா மைலேஜ் கீழதான் இருக்கும், ரெண்டு மூணு வேலையை ஒரே சுத்துல முடிச்சா அதுவே பெரிய மிச்சம்.

இன்னொண்ணு, 10லேந்து 12க்கு ஏத்தறதும் 20லேந்து 22க்கு ஏத்தறதும் ஒண்ணு இல்ல. முதல்ல சொன்னதுல 100 கி.மீ.க்கு 1.67 லிட்டர் மிச்சம், ரெண்டாவதுல அரை லிட்டர் கூட இல்ல. அதனால வீட்டுல ரெண்டு வண்டி இருந்து ஒரே அளவு ஓடுதுன்னா, முதல்ல கம்மியா குடுக்கற வண்டியை எடுத்து அதுல பழகுங்க.