ரிமோட் காரின் ஸ்டீயரிங் ஆடுகிறது, சர்வோவை மாற்றினால் சரியாகுமா?

கேட்டிருப்பது இதுதான்: கோத்தகிரியில் மகனோடு சேர்ந்து தேயிலைத் தோட்டப் பாதையில் 1/10 அளவு மின்சார ரிமோட் கார் ஓட்டுகிறீர்கள். கொஞ்ச நாளாக அது நேராகப் போவதில்லை. முன்சக்கரத்தைக் கையால் அசைத்தாலே ஆடுகிறது. விற்ற கடையில் கேட்டால் புது சர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டார் பெட்டி) போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். நான் குன்னூர்ப் பக்கம். அக்கா பையன்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று எங்கள் தெருவில் ஓடுகிற கார்களின் ஸ்டீயரிங் வேலையெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். அதில் சர்வோ கெட்டு வந்தவை குறைவு. சர்வோவுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள மூட்டுகள் தேய்ந்து வந்தவைதான் அதிகம். மூட்டு தேய்ந்த காருக்கு எவ்வளவு நல்ல சர்வோ போட்டாலும் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும், பணம்தான் போகும்.

முதலில் காரைச் சமமான சிமெண்டுத் தரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது என்றால் ட்ரிம் (சக்கரத்தின் நடு நிலையைச் சரிசெய்ய ரிமோட்டில் இருப்பது) நகர்ந்திருக்கும், அல்லது சக்கரங்களைத் திருப்பும் இடது வலது கம்பிகளின் நீளம் மாறியிருக்கும். இடது பக்கம் திருப்பி விட்டால் இடது பக்கமே ஒதுங்குகிறது, வலது பக்கம் திருப்பி விட்டால் வலது பக்கமே ஒதுங்குகிறது என்றால் கதை வேறு. ஏதோ ஒரு மூட்டு லூஸாக இருக்கிறது, அல்லது எங்கோ இறுகிப் பிடிக்கிறது, அதனால் சக்கரம் நடுவுக்குத் திரும்பி வரவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவது வகை என்றுதான் தோன்றுகிறது.

இனி அந்த ஆட்டம் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டும். காரை ஒரு கட்டையின் மேல் வைத்து நான்கு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். ட்ரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) முதலில் ஆன் செய்துவிட்டு அப்புறம் காரை ஆன் செய்யுங்கள். இப்போது சர்வோ தன் இடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு கையால் முன்சக்கரத்தை இடமும் வலமும் லேசாக ஆட்டிக்கொண்டே, மறுகையின் விரலை ஒவ்வொரு மூட்டின் மேலும் வைத்துக்கொண்டு வாருங்கள்: சக்கர பேரிங், நக்கிளை (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) பிடித்திருக்கும் கிங்பின் ஊசி, கம்பியின் வெளிப்பக்கப் பால் எண்ட் (உருண்டையைக் கவ்வும் கிண்ண மூட்டு), உள்பக்கப் பால் எண்ட், நடுவில் உள்ள பெல்கிராங்க் நெம்புகோல், சர்வோ ஹார்ன் (சர்வோ தண்டில் மாட்டிய கை), கடைசியாகச் சர்வோவை சேசிஸில் (காரின் அடித்தட்டில்) இறுக்கியிருக்கும் ஸ்க்ரூக்கள். ஆட்டம் இருக்கும் மூட்டில் விரலுக்கு அடியில் 'டிக் டிக்' என்று தட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரல் நுனிக்குத் தெரிந்துவிடும்.

நம் மலையில் முதலில் போவது பால் எண்டும், பெல்கிராங்க் சுழலும் வளையமான புஷ்ஷும்தான். காரணம் மண். தோட்டப் பாதையின் செம்மண் பொடி பனிமூட்டத்தில் ஈரமாகிக் குழைந்து பால் எண்டின் கிண்ணத்துக்குள் ஏறிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் அங்கேயே காய்ந்துவிடும். மறுநாள் ஓட்டும்போது உருண்டைக்கும் நைலான் கிண்ணத்துக்கும் நடுவில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். நோஸ் பிளையரால் ஒரு பால் எண்டைக் கழற்றிப் பாருங்கள். உலோக உருண்டை பளபளவென்று இருக்கும், கிண்ணத்தின் வாய் மட்டும் ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவத்தில் இருக்கும். அப்படி இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. இன்னும் முட்டை வடிவமாகாமல் லேசாக மட்டும் ஆடினால் பழைய வித்தை ஒன்று இருக்கிறது. மெல்லிய பாலித்தீன் பையில் சின்னத் துண்டு வெட்டி, உருண்டையின் மேல் போர்த்தி, அதன் மேல் கிண்ணத்தை அழுத்திவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை பிளேடால் வெட்டிவிடுங்கள். புது பாகம் வரும்வரை தாங்கும்.

பெல்கிராங்க் என்பது சர்வோவின் அசைவை வாங்கி இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் நெம்புகோல் ஜோடி. பல கார்களில் இது வெறும் பிளாஸ்டிக் புஷ்ஷில்தான் சுழலும். தமியா டிடி-02 போன்ற பிரபலமான கார்களிலேயே ஸ்டீயரிங் ஆட்டம் என்பது எல்லாரும் சொல்லும் குறை. உங்கள் மாடலுக்குப் பேரிங் வைத்த செட் கிடைத்தால், நீங்கள் செய்யும் செலவுகளில் அதிகப் பலன் தருவது இதுவாகத்தான் இருக்கும். கிடைக்காவிட்டால் புது புஷ் போட்டு, மேலும் கீழும் ஆடும் ஆட்டத்துக்கு 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் ஷிம் வாஷர் (மெல்லிய வளையத் தகடு) கொடுங்கள். ஷிம் போட்ட பிறகு பெல்கிராங்க் தன் எடையிலேயே தடையில்லாமல் சுழல வேண்டும். இறுகினால் ஒரு ஷிம்மை எடுத்துவிடுங்கள்.

கம்பிகளை மாற்றும்போது: டர்ன்பக்கிள் எனப்படும் இந்தக் கம்பியின் ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை இருக்கும். அதனால்தான் காரிலிருந்து கழற்றாமலே நடுவில் ஸ்பேனர் போட்டுத் திருகி நீளத்தை மாற்ற முடிகிறது. இரண்டு கம்பிகளிலும் இடது மரை காரின் ஒரே பக்கம் பார்த்திருக்குமாறு மாட்டுங்கள், பின்னால் சரிசெய்யும்போது எந்தப் பக்கம் திருகுவது என்ற குழப்பம் வராது. பழைய கம்பியின் நீளத்தை அளந்து புதியதையும் அதே அளவுக்கு வைத்துத் தொடங்குங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் நேராகவோ, ஒரு டிகிரி அளவுக்கு வெளியே பார்த்தோ இருந்தால் போதும். மார்கழி, தை காலைகளில் நைலான் விறைத்துப்போய் மரை ஏறவே ஏறாது. பால் எண்டை வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் சுலபமாக ஏறும்.

பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போடும்போது முதலில் இடது பக்கம் மெல்லத் திருகுங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழுவது கையில் தெரியும். அங்கிருந்து வலது பக்கம் இறுக்குங்கள். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக் பசையை உலோகத்தில் உலோகம் சேரும் இடத்தில் மட்டும் வையுங்கள், சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைத்துவிடும்.

சர்வோ ஹார்னைக் கழற்றினால், திரும்ப மாட்டும் முன் சர்வோ நடுவில் நிற்க வேண்டும். ட்ரிம்மைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்தால் அதுவே நடுவுக்கு வந்து நிற்கும். அப்போது ஹார்னை மாட்டுங்கள். சர்வோ தண்டில் பல் 23, 24, 25 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தவறான ஹார்னை அழுத்தி ஏற்றினால் பல் போய்விடும். 25 பல் என்றால் ஒரு பல்லுக்கு 14.4 டிகிரி. அதனால் ஹார்ன் கச்சிதமாக நேராக நிற்காமல் போவது சகஜம். மிச்சத்தை ட்ரான்ஸ்மிட்டரின் சப்ட்ரிம்மில் (நடுவை நுணுக்கமாக நகர்த்தும் அமைப்பு) சரிசெய்துகொள்ளலாம். அப்புறம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் முட்டி நின்ற பிறகும் சர்வோ 'ங்ங்' என்று முனகினால் ட்ரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்டை, அதாவது சர்வோ திரும்பும் எல்லையை, குறையுங்கள். அந்த முனகலோடு ஓட்டிக்கொண்டிருந்தால் சர்வோ மோட்டார் சூடாகி எரிந்துவிடும்.

சர்வோ சேவரின் ஸ்பிரிங்கையும் பார்த்துவிடுங்கள். கல்லில் மோதும்போது அடியை வாங்கிக்கொண்டு சர்வோவின் பற்களைக் காப்பாற்றுவது அதுதான். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நின்ற இடத்தில் திரும்பாது, வேகத்தில் வளைவில் அகலமாகப் போகும். அதற்காகச் சேவரையே எடுத்துவிட்டு அலுமினிய ஹார்ன் போடச் சொல்பவர்கள் உண்டு. பந்தயத் தரையில் சரி, கல்லும் வேருமாக இருக்கும் நம் பாதையில் வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, சர்வோ ஓரிடத்தில் தாண்டிக் குதித்தாலோ, கறகறவென்று சத்தம் போட்டாலோ, நடுவில் நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தாலோ மாற்றுங்கள். வாங்கும் முன் வயரை எண்ணுங்கள். மலிவான சில கார்களில் சர்வோவிலிருந்து ஐந்து வயர் வரும், அதன் மூளை, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் போர்டில் இருக்கும். அங்கே வழக்கமான மூன்று வயர் சர்வோவை நேராக மாட்ட முடியாது. மூன்று வயர் என்றால் மெட்டல் கியர், தண்ணீர் புகாத வகை, சராசரியாக 10 முதல் 15 கிலோ-சென்டிமீட்டர் இழுவை போதும். அதற்கு மேல் போனால் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) தரும் கரண்ட் போதாமல், ஓடும்போதே ரிசீவர் அணைந்து கார் கட்டுப்பாட்டை இழக்கலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அன்றன்றைக்குச் செய்துவிட வேண்டும் என்பதுதான். மண் காயும் முன்பே பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டுகளைத் துடையுங்கள். பால் எண்டுக்கும் பெல்கிராங்குக்கும் எண்ணெய் விடாதீர்கள், அது பொடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வேண்டுமானால் உலர் டெஃப்லான் ஸ்ப்ரே போதும். நனைந்த நாளில் முன்சக்கர பேரிங்கை வெளியே எடுத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசி, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. அந்த மாதங்களில் இதைத் தள்ளிப்போட்டால் பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும்.

இங்கே மேலே பாகம் கிடைக்காது, கூரியரில்தான் வரவேண்டும். ஒரே ஆர்டரில் இவற்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்: பால் எண்ட் ஒரு செட், டர்ன்பக்கிள் ஒரு ஜோடி, பெல்கிராங்க் புஷ் அல்லது பேரிங், இடது வலது நக்கிள், ஷிம் பாக்கெட் ஒன்று, முன்சக்கர பேரிங். பேரிங்கை மட்டும் காரின் பெயர் சொல்லி வாங்கத் தேவையில்லை. பைக் மெக்கானிக்கிடம் வெர்னியர் வாங்கி உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அளந்துகொள்ளுங்கள். 5×10×4 மில்லிமீட்டர் என்றால் எம்ஆர்105, 5×11×4 என்றால் எம்ஆர்115. கோயம்புத்தூர் பேரிங் கடைகளில் அந்த எண்ணைச் சொல்லியே கேட்கலாம். கூடவே 2ஆர்எஸ் என்று கேளுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது நம் சேற்றுக்குத் தகரமூடி வகையைவிட நன்றாகத் தாங்கும்.