சிங்கக் குட்டிகளை வளர்ப்பது தாய் மட்டும்தானா?

இல்லை. ஒரு கூட்டத்துப் பெண் சிங்கங்கள் பெரும்பாலும் அம்மா, மகள், அக்கா, தங்கை, சித்தி என்று சொந்தக்காரர்கள். ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈன்றால் குட்டிகளைச் சேர்த்தே வளர்க்கும்.

சினைக்காலம் சுமார் 110 நாள். ஈனும் நேரத்தில் தாய் ஒதுங்கிப்போய் புதரிலோ பாறை இடுக்கிலோ குட்டி போடும். இடம் மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாகக் கவ்வித் தூக்கிப் போகும். 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் கூட்டத்தில் சேர்க்கும்.

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் நாட்களில் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே திண்ணையில் கிடக்கும், யாராவது ஒரு சித்தி கண் வைத்திருப்பார். கிட்டத்தட்ட அதுதான் இது. ஆனால் சிங்கத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. கூட்டத்தைப் பிடிக்க வரும் வெளி ஆண் சிங்கம் இருக்கும் குட்டிகளைக் கொல்லும். குட்டி போனால் தாய் சீக்கிரமே மறுபடி இணைசேரும் என்பதே காரணம். தனித் தாயால் அதைத் தடுப்பது கஷ்டம். நாலு பேர் சேர்ந்து நின்றால் விரட்டலாம்.

சரி, எல்லாத் தாயும் எல்லாக் குட்டிக்கும் ஒரே மாதிரி பால் கொடுக்குமா? பலர் அப்படி நினைக்கிறார்கள், தவறு: தன் குட்டிக்குத்தான் முதலிடம், அடுத்தவள் குட்டி பெரும்பாலும் இவள் அசந்து தூங்கும்போது நைசாக வந்து குடித்துவிட்டுப் போகும்.