ஒளிரும் டயல் ஆபத்தானதா?

கேள்வி: பிரிட்டனில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பரணில் டயல் வைத்த டிரிம்ஃபோன் ஒன்று கிடைத்தது. அதில் கதிரியக்கம் இருக்கிறது என்று பயமுறுத்துகிறார்கள். வரவேற்பறையில் வைக்கலாமா? அதில் பேச முடியுமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். டயலை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள்.

இருட்டிலும் எண்கள் தெரிய வேண்டும் என்று அக்கால வடிவமைப்பாளர்கள் மெனக்கெட்டார்கள். அமெரிக்காவில் 1959-இல் வந்த பிரின்சஸ் தொலைபேசியில் சிறு பல்பு எரிந்தது. அதற்குத் தனியே மின் இணைப்பு தர வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்காக 1964-இல் மார்ட்டின் ரோலண்ட்ஸ் வடிவமைத்த டிரிம்ஃபோனில் அந்தத் தொல்லையே இல்லை. டயலுக்குப் பின்னால் மெல்லிய கண்ணாடிக் குழாய். உட்புறம் பாஸ்பர் பூச்சு. உள்ளே டிரிடியம் என்ற கதிரியக்க வாயு. வாயுவிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பூச்சில் மோதினால் பச்சை ஒளி. அந்த எலக்ட்ரான்களுக்குக் கண்ணாடியைத் தாண்டும் வலு கிடையாது. தவிர, டிரிடியம் 12.3 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். உங்களுடையது 1970-இல் செய்ததென்றால், இன்று இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சியிராது. டயல் மங்கிக் கிடப்பது அதனால்தான், பழுதல்ல.

குழாய் உடைந்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருங்கள். பிறகு சில்லுகளைக் கையுறை போட்டு எடுங்கள். வேண்டாமென்று தோன்றினாலும் குப்பைத் தொட்டியில் போடாமல், உள்ளூராட்சியிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

1966-இல் வடிவமைப்பு விருது பெற்ற கருவி இது. ரிசீவர் டயலுக்கு மேல் நீளவாக்கில் படுத்திருக்கும் அழகுக்கு விருது தகும். ஆனால் எடை போதாது. ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல் டயலைச் சுழற்றினால், மேசையில் நழுவி ஓடும். இந்தக் குறையை விருதுக் குழு கவனித்ததா என்று எனக்கு எப்போதும் சந்தேகம். மணிக்குப் பதில் கிளுகிளுவென்று கூவும் ஒலி வேறு. தோட்டத்துப் பறவைகள் அதை அப்படியே கற்றுக்கொண்டு கூவ, தொலைபேசி அழைக்கிறதென்று வீட்டுக்குள் ஓடி ஏமாந்தவர்கள் உண்டு.

இனி பேசும் விஷயம். பிரிட்டனில் இப்போதைய பிளக் வந்தது 1981-இல்தான். அதற்கு முந்தைய கருவி என்றால் ஒயரின் நுனியில் பிளக் இருக்காது. தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றுங்கள். அடுத்த சிக்கல், டயல் அனுப்பும் துடிப்புகளை இன்றைய இணையவழி ரவுட்டர்கள் பலவும் புரிந்துகொள்வதில்லை. வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம், நீங்கள் எண்ணைச் சுழற்றினால் எதுவும் நடக்காது. துடிப்பைத் தொனியாக மாற்றும் சிறு பெட்டி ஒன்றை நடுவில் பொருத்தினால் போதும்.